சேர்மன் கும்பிடப்படும் ஊரில் ஒரு கழிப்பறைக் கணக்கு

ஏரலில் 'சேர்மன்' என்றால் பதவியில் இருப்பவரை யாரும் நினைப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் கோயில் கொண்டிருக்கும் சேர்மன் அருணாசல சுவாமியைத்தான் நினைப்பார்கள். 1906-ல் ஊருக்குச் சேர்மன் ஆனவர், 1908 ஆடி அமாவாசையன்று முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். நியாயமாக நிர்வாகம் பண்ணியவர் என்பதே எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்லும் பேச்சு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம் வரும். பேரூராட்சி அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாமியைக் கும்பிடும்போதெல்லாம் அவர் வகித்த பதவியையும் சேர்த்தே நினைப்பேன்.

அந்தப் பதவி எதற்காக வந்தது? 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884-ல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது. சின்ன ஊர்கள் வீட்டு வரி வாங்கி, தெருவைக் கூட்டி, விளக்கேற்றி, சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சுகாதாரம் என்ற சொல்லுக்குப் பின்னால் காலரா பயம் இருந்தது. யாத்திரைக் கூட்டத்தோடு காலரா ஊர் ஊராகப் பரவுகிறது என்று 1866-லேயே கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டு மாநாடு எச்சரித்திருந்தது. ஆகவே ஊர் நிர்வாகம் பிறந்தபோதே கழிவை அகற்றும் கடமையும் கூடவே பிறந்தது.

ஆனாலும் எங்கள் பெண்களுக்கு நெடுங்காலம் கழிப்பிடம் ஆற்றங்கரையும் உடைமரக் காடும்தான். ஆண்கள் எந்நேரமும் போவார்கள். பெண்களுக்கு விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. "ஏட்டி, சாயங்காலம் தண்ணியக் கொறச்சுக் குடி" என்று ஆச்சி சொல்லாத நாள் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்தே போவோம். மாமியாருக்குக் கேட்காத பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தால் போதும், அத்தனை பேரும் பாதியிலேயே எழுந்து நிற்போம். அந்த நேரத்தை இனிமையான பழைய காலம் என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வசதியான வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. கொல்லைப்புறச் சந்தில், சுவரின் அடியில் ஒரு சின்னத் திறப்பு. உள்ளே தகரம், பக்கத்தில் சாம்பல். வாளியும் துடைப்பமுமாக ஒரு அம்மா காலையில் வருவாள். பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்து. அவளுக்கு முன்வாசல் கிடையாது, தண்ணீரை உயரத்தூக்கி ஊற்றுவார்கள். இந்த வேலையை 1993-ல் சட்டம் தடை செய்தது, 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 1993-லிருந்து சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தொகையை 2023-ல் 30 லட்சம் ஆக்கியது. தொகை கூடியிருக்கிறது, இறங்குபவரின் சாதி மாறவில்லை.

கட்டணக் கழிப்பறைக்கும் வரலாறு உண்டு. 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கழிப்பறைகள் அமைத்து ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினார். நம் பேருந்து நிலையங்களில் அது குத்தகையானது. வருஷா வருஷம் ஏல அறிவிப்பு தட்டச்சு செய்வது என் வேலை. தினசரிச் சந்தை, சைக்கிள் ஸ்டாண்ட், ஆட்டிறைச்சிக் கடை, அடுத்த வரியில் கட்டணக் கழிப்பறை. எல்லாமே 'வருவாய் இனம்'. அதிகம் கேட்பவருக்கே ஏலம். போட்ட பணத்தை அவர் எடுக்க வேண்டுமே! பினாயிலில் மிச்சம், ஆள் கூலியில் மிச்சம். நான் வேலை பார்த்த ஓர் ஊரில், பெண்கள் பகுதியின் மூன்று கதவுகளில் ஒன்றில்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாள். ஆண்கள் சில்லறையை மிச்சம்பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் குத்தகைத் தொகையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

வேறு வழி இருக்கிறது. திருச்சியில் 2000-ஐ ஒட்டி, குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே எடுத்து நடத்தத் தொடங்கின. அங்கேயும் கட்டணம் உண்டு. ஆனால் வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்குபவள் அதே தெருக்காரி. மின்கட்டணமும் சுத்தம் செய்கிறவரின் சம்பளமும் போக மிஞ்சியது அந்தத் தெருவுக்கே செலவானது. பயன்படுத்துகிறவர்கள் கையில் கணக்கு இருந்தால் கதவில் தாழ்ப்பாள் இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் மூழ்கியபோது, மொட்டைமாடிகளில் அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒன்றாகக் கிடந்தார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்கள் நாக்கை நனைத்துக்கொண்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை, ஒதுங்க இடம் இல்லை. ஆச்சி சொன்ன அதே கட்டளை, தளம் போட்ட வீடுகளின் உச்சியில்.

உள்ளாட்சிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கழிப்பறையை ஏலப் பட்டியலிலிருந்து எடுங்கள். தெருவிளக்குக்கு யாரும் குத்தகை கேட்பதில்லை. கழிப்பறையும் அதேபோல் செலவுக் கணக்கில் வரட்டும். தண்ணீர், தாழ்ப்பாள், இரவு விளக்கு, கழுவுகிறவருக்கு நிரந்தரச் சம்பளம், இவை எழுதப்பட்ட பட்ஜெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சேர்மனைச் சாமியாகக் கும்பிடுகிற ஊருக்கு, இருக்கிற சேர்மனிடம் இதைக் கேட்கும் உரிமை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே உண்டு.