மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் அறியப்பட்ட ஊர் அது. இலங்கையின் கரையோரமெங்கும் சிறு படகுகளின் பின்புறத்திற் பூட்டப்படும் இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. கடலில் வழக்கமான இம்முறையைத் தரையிலும் கையாள வேண்டிய காலமொன்று வட இலங்கைக்கு வந்தது.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. சல்லிக்குத் தெற்கே, சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிய பெரும் எண்ணெய்த் தாங்கிகள் 99 எஞ்சி நின்றன. அவற்றுள் மிகப் பல பயனின்றிக் கிடந்தன. வடக்கிலோ ஒரு போத்தல் பெற்றோலும் அரும்பொருளாயிற்று. அவ்வேளையிற் கைகொடுத்தவை, 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40, 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்களே.

முறை புதியதன்று. 1917 இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம், பெற்றோலில் முடுக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். யாழ்ப்பாணத்தவர் பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை முடுக்கினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் தன் வேலையைத் தொடங்கியது. பழங்கார்களின் இயந்திரங்கள் கலவையை மிகுதியாக அமுக்காதவை. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் அவை தாங்கின.

தாங்கினும் முறையிடாமலில்லை. வண்டி புகைந்தது, இடையிடையே வெடித்தது. நோயறியும் வைத்தியர் நாடி பார்ப்பது போல, மெக்கானிக் முதலில் அறிய வேண்டியது வெடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையே. காபரேற்றர் வழியே வெடிப்பின், உள்ளே செல்லும் கலவையில் எரிபொருள் குறைவு என்பது பெரும்பாலும் பொருந்தும். இயந்திரம் போதிய சூடு பெறவில்லை, அல்லது எண்ணெய் வரும் வழியில் அழுக்கு அடைத்திருக்கிறது. உட்செல்லும் வால்வு சரியாக மூடாவிடினும் இவ்வாறே நேரும்.

சைலன்சரில் வெடிப்பின் கதை வேறு. உள்ளே எரியாத எண்ணெயாவி வெளிக்குழாய்க்கு வந்து, அங்குள்ள சூட்டிலே தீப்பற்றுகிறது. நனைந்தோ கரிபடிந்தோ போன ஒரு பிளக் இதற்குக் காரணமாகலாம். இயந்திரம் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதனைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே குற்றமுடையது. குழாய்ப் பொருத்தின் வழியே காற்றுப் புகுந்தாலும் வெடிக்கும்.

புகையின் நிறமும் சான்று கூறும். கறுப்பு, எரிபொருள் மிகுதியைக் காட்டும். நீலம், இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். மண்ணெண்ணெய் மணத்துடன் வரும் வெண்புகை, அது ஆவியாகாது வெளியேறுவதைக் காட்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகவும் செய்யும். ஆதலின் அவ்வெண்ணெயை விரைவில் மாற்றுதல் இன்றியமையாதது.

எல்லாவற்றினும் நுட்பமானது தீப்பொறியின் நேரம். மண்ணெண்ணெயில் இயந்திரம் தட்டாதிருக்கப் பொறியைச் சற்றுப் பிந்த வைக்க வேண்டும். மிகப் பிந்தினால், கலவை குழாய்க்குள்ளும் எரிந்து வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு அளவைக் காதாலே கண்டறிவதுதான் மெக்கானிக்கின் கல்வியாயிற்று.

அக்கல்வியின் பயன் சிறிதன்று. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் கார் நடுவழியில் நின்றுவிட்டால், வேறு காரைத் தேடுவது எளிதன்று. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடை நீங்கியது. பெற்றோல் தாராளமாக வந்தது. ஆயினும், இன்னலான ஆண்டுகளில் ஒரு மக்கட்கூட்டத்தின் போக்குவரத்து அறுந்து போகாமற் காத்தவற்றுள், புகைக்கும் வெடிக்கும் பொருள் கண்ட அக்கைகளின் அறிவும் ஒன்றென வரலாறு குறித்தல் வேண்டும்.