'கரண்ட் வைக்கும்' வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? எக்ஸ்ரே சர்டிபிகேட்டை நம்பி பணத்தை இழக்காதீர்கள்

கேன்சர் வந்த வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "அவருக்கு இப்போ கரண்ட் வச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார்கள். நோயாளியின் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சுவதில்லை. ரேடியோதெரபி எனும் கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் நம்ம ஜனங்கள் கரண்ட் என்கிறார்கள்.

இந்த சிகிச்சையை முடிவு செய்பவர் டாக்டர். எந்தப் பக்கம் இருந்து, எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுபவர் மெடிக்கல் பிசிசிஸ்ட். ஆனால் தினமும் நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, டேபிளில் படுக்க வைத்து, எந்திரத்தை இயக்குபவர் மூன்றாவது ஆள். அவர்தான் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். பிளஸ்-2 அறிவியல் பிரிவு படித்த ஏழை வீட்டுப் பிள்ளைகளும் போகக்கூடிய வேலை இது. ஆனால் படிப்பைத் தேர்வு செய்யும் இடத்திலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

நகையை அடகு வைத்த தந்தை

எனக்குத் தெரிந்த லோடு ஆட்டோ டிரைவர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து மகளை ஒரு பாராமெடிக்கல் பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். "கேன்சர் ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயம்" என்று அங்கே சொன்னார்களாம். 6 மாதம் கழித்து கையில் கொடுத்தது எக்ஸ்ரே டெக்னீசியன் சர்டிபிகேட். அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "இது வேற படிப்பும்மா" என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் கதிர்வீச்சு எந்திரங்களைக் கண்காணிப்பது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-ல் அமைக்கப்பட்டது. யார் எந்திரத்தைத் தொடலாம் என்பதற்கும் இந்த வாரியம் விதி வைத்திருக்கிறது. அறிவியல் பாடத்துடன் பிளஸ்-2, அதற்கு மேல் ரேடியோதெரபி டெக்னாலஜியில் குறைந்தது 2 ஆண்டு படிப்பு, அதிலும் எந்திரத்தின் அருகிலேயே நேரடிப் பயிற்சி. இது இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் சிக்கல்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பது படம் பிடிக்கும் வேலை. கதிர் கொடுத்து கட்டியைக் கரைப்பது சிகிச்சை வேலை. இரண்டிலும் 'ரேடியோ' என்ற சொல் வருவதால்தான் இவ்வளவு குழப்பம்.

எந்தப் படிப்பு?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. வகுப்பு 3 ஆண்டு, ஆஸ்பத்திரியில் பயிற்சி ஓராண்டு. துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான கவுன்சிலிங் மூலம் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்படுகின்றன. பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அறிவிப்பு வரும்போது அந்த ஆண்டுக்கான விதியை ஒருமுறை முழுசாகப் படித்து விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சொன்னது இந்த வருஷம் செல்லாமல் போகலாம்.

கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி என்று இன்னொரு படிப்பும் இருக்கும். அது நல்ல படிப்புதான். ஆனால் ஸ்கேன், எக்ஸ்ரே பக்கம் போவது. பட்டனை அழுத்தும் முன் பெயரை இரண்டு தடவை பாருங்கள்.

தனியார் கல்லூரி என்றால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் கதிர்வீச்சு எந்திரம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? நாங்கள் பார்க்கலாமா?" பதில் மழுப்பலாக வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி விடலாம். வெறும் கரும்பலகையில் இந்தத் தொழில் வராது.

"முடிச்சா நேரா அமெரிக்கா" என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதே வேலைக்கு கம்யூனிட்டி காலேஜ்களில் 2 ஆண்டு படிப்பு இருப்பது உண்மை. ஆனால் அங்கே ஏ.ஆர்.ஆர்.டி. என்ற அமைப்பு ஒப்புக்கொண்ட படிப்பை முடித்து, அதன் தேர்விலும் தேற வேண்டும். நம்மூர் சர்டிபிகேட்டைக் காட்டியதும் வேலை தந்து விட மாட்டார்கள்.

அறைக்குள் நடப்பது என்ன?

உடற்கூறு, கதிர்வீச்சு இயற்பியல், செல்களின் மீது கதிர் செய்யும் வேலை, எந்திர நுட்பம், நோயாளி பராமரிப்பு எல்லாம் பாடத்தில் வரும். பிளஸ்-2 பிசிக்சில் 'அரை ஆயுட்காலம்' என்று மனப்பாடம் செய்தது இங்கே சோறு போடும். கோபால்ட்-60 எந்திரத்தின் வீரியம் 5.27 ஆண்டில் பாதியாகி விடும். மாதத்துக்கு சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டே வரும். அதற்கு ஏற்ப நோயாளியைப் படுக்க வைக்கும் நேரம் கூடும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1950-களிலேயே கோபால்ட் எந்திரம் வந்து விட்டது. இப்போது மதுரை, கோவை, தஞ்சை, நெல்லை அரசு ஆஸ்பத்திரிகளில் லினாக் எனும் நவீன எந்திரங்கள் இயங்குகின்றன. லினாக்கில் சுவிட்சை அணைத்தால் கதிர் நின்று விடும். கோபால்ட்டில் கதிர் தரும் பொருள் எப்போதும் உயிரோடு இருக்கும். அதை கனமான கவசத்துக்குள் இழுத்து மூடி வைக்கிறார்கள்.

தலை, கழுத்துப் பகுதி நோயாளிக்கு முதலில் முகமூடி செய்வார்கள். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் இளகும். அதை முகத்தின் மேல் அழுத்தினால் அச்சு எடுத்த மாதிரி இறுகி விடும். தினமும் அதே முகமூடியை மாட்டி, தலை அசையாமல் டேபிளோடு பூட்டி, சுவரில் இருந்து வரும் லேசர் கோடுகளை அடையாளப் புள்ளியோடு சேர்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் கண்ணிலோ தண்டுவடத்திலோ கதிர் படலாம். வாரம் 5 நாள் என 25 முதல் 35 நாள் வரை இப்படி நடக்கும். முதல் நாள் காட்டும் கவனம் கடைசி நாளும் இருக்க வேண்டும். இதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான விஷயம் என்று தோன்றுகிறது.

கதிர் பாயும் நேரத்தில் நோயாளி மட்டும் உள்ளே. டெக்னாலஜிஸ்ட் வெளியே கேமராவில் பார்த்தபடி, மைக்கில் பேசியபடி இருப்பார். இது சும்மா வைத்த ஏற்பாடு இல்லை. 1985 முதல் 1987 வரை அமெரிக்கா, கனடாவில் தெராக்-25 என்ற எந்திரத்தின் சாப்ட்வேர் கோளாறால் 6 நோயாளிகளுக்கு பல மடங்கு கூடுதல் கதிர் பாய்ந்தது. சிலர் இறந்து போனார்கள். 1986-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் திரையில் 'மால்பங்ஷன் 54' என்று மட்டும் வந்திருக்கிறது. எந்திரத்தை இயக்கியவர் வழக்கமான சின்னக் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அழுத்தி விட்டார். அன்று கேமராவும் வேலை செய்யவில்லை, மைக்கும் வேலை செய்யவில்லை. உள்ளே நோயாளி துடித்தது வெளியே தெரியவில்லை.

"பிள்ளை பிறக்காதா?"

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முறையாக வேலை செய்தால் பயப்படத் தேவை இல்லை. சிகிச்சை அறையின் சுவர் ஒரு மீட்டருக்கும் அதிக கனமுள்ள கான்கிரீட். கதவு சரியாக மூடாவிட்டால் எந்திரம் ஓடாது. டெக்னாலஜிஸ்ட் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார். 3 மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போய், அவர் மீது எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வரும். 5 ஆண்டு சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. மண், காற்று, ஆகாயம் இவற்றில் இருந்து இயற்கையாகவே நம் ஒவ்வொருவர் மீதும் உலக சராசரிப்படி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட் படத்தான் செய்கிறது.

கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சொல்லி விட வேண்டும். அதன்பின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு பிரசவம் வரை 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. 18 வயது ஆகாதவரை இந்த வேலையில் வைக்கவே கூடாது.

பேட்ஜை வீட்டில் மறந்து வைத்து விட்டு வருபவர்களும், நோயாளி அறைக்குள் கழற்றிப் போட்டு விட்டு வருபவர்களும் உண்டு. அப்புறம் ரீடிங் தாறுமாறாக வந்து விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதிவும் முக்கியம்

துணை மருத்துவப் பணியாளர்களுக்காக பாராளுமன்றம் 2021-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்டும் அதில் வருகிறார். முறையான படிப்பு முடித்தவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சர்டிபிகேட் அந்தப் பதிவுக்கு நிற்காது.

பிளஸ்-2 ரிசல்ட் வந்த கையோடு மார்க் ஷீட், டி.சி., ஜாதி சான்றிதழ் மூன்றையும் தயாராக எடுத்து வைத்து விடுங்கள். கவுன்சிலிங் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். ஜாதி சான்றிதழுக்கு தாலுகா ஆபீசில் நிற்கும் நேரத்தில் கடைசித் தேதி போய் விடும்.