கக்கூசு கட்டியாச்சு, குழியை ஆர் பார்க்கிறது?

எங்கட ஊருக்குப் பி.எச்.ஐ. வாறார் எண்டால் முதல் வேலை வளவு கூட்டுறதுதான். அந்த மனுசனுக்கு இவ்வளவு மரியாதை எப்ப வந்தது? தேடிப்போனால் கதை தேயிலைத் தோட்டத்தில் போய் நிற்கிறது.

1916 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். புழு வெளியேறியது. ஆனால் லயங்களில் ஒழுங்கான கக்கூசு இல்லை. அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது. கக்கூசு கட்டும் செலவு தங்கள் தலையில் விழும் என்பதால் துரைமார் பலர் இழுத்தடித்தார்கள்.

மருந்து மட்டும் போதாது, நிலையாக நின்று வேலை செய்ய ஆட்கள் வேணும் என்பதுதான் இதில் கிடைத்த பாடம். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவானது. வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், தாதிமார், மருத்துவிச்சிகள் எல்லாரும் ஒரே பிரதேசத்துக்குப் பொறுப்பு. பிறகு இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. இன்றைய எம்.ஓ.எச். பணிமனை அதன் வாரிசுதான். இன்று பெரும்பாலும் எல்லா வீட்டிலும் மலசலகூடம் இருப்பதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

சரி, குழி நிரம்பினால்?

1975 இல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இயங்கத் தொடங்கியது. குடிநீர்க் குழாய்கள் பல ஊர்களுக்குப் போயின. கழிவுநீர்க் குழாய்கள் கொழும்பையும் சில இடங்களையும் தாண்டவில்லை. மிச்சப்பேருக்குக் குழிதான். ஒரு காலத்தில் நகரங்களில் வாளிக் கக்கூசு இருந்தது. அதைச் சுமக்கும் வேலையைச் சாதியின் பெயரால் சிலரின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். இப்ப வாளி போய் பவுசர் வந்திட்டுது. "அது ஆரோ பார்க்கிற வேலை" என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த அலட்சியம் நேரே கிணற்றுக்குள் வந்து சேர்கிறது. நிலத்துக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். சின்ன வளவுக்குள் கிணறும் குழியும் பக்கத்துப் பக்கத்தில். தோட்டத்துக்குப் போடும் உரத்தோடு மலக்குழிக் கசிவும் சேர்ந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகிறது.

கக்கூசு இருக்கா எண்டு பார்க்க ஒரு நூற்றாண்டுக்கு முன்னமே ஆள் பழக்கினோம். குழியைப் பார்க்கவும் அதுபோல ஆட்கள் வேணும்: பயிற்சியோடு, பாதுகாப்போடு, மரியாதையான சம்பளத்தோடு. பி.எச்.ஐ.க்குக் கதிரை போடுகிற நாங்கள், பவுசர்க்காரருக்கும் ஒரு கதிரை போடுவமா?