நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம்

படுத்திருந்தோ உட்கார்ந்திருந்தோ எழும்போது ரத்த அழுத்தம் சட்டெனச் சரியும் நிலை. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் குறைந்தது 20 அல்லது கீழ் அழுத்தம் குறைந்தது 10 மி.மீ. பாதரசம் இறங்குவது இதன் வரையறை. தலைசுற்றல், கண் இருளுதல், தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள்.

நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உணர்ந்ததும் இதயத்துடிப்பு கூடுகிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் பலவீனமானவர்களிடம் இந்த ஈடுகட்டல் தடுமாறலாம். அவர்கள் உட்கொள்ளும் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகளும் நைட்ரேட் மருந்துகளும் அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும். அதற்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவது தலைசுற்றலைவிடப் பெரிய ஆபத்து. அளவையும் வேளையையும் மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு.

எழுமுன் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்வதும், கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் பயன் தரும். இரவில் கழிவறைக்கு எழும் முதியவர்கள் இதை ஒருபோதும் தவிர்க்கலாகாது. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை உட்கார்ந்தபடியே பயன்படுத்த வேண்டும். உப்பையும் நீரையும் கூட்டும் பொதுவான அறிவுரை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. அதைப் பின்பற்றினால் மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் மோசமாகலாம். சுயநினைவிழப்பு, நெஞ்சுவலி, படபடப்பு சேர்ந்தால் உடனடி மருத்துவ உதவி தேவை.