வாதையும் வினாவும்

வீட்டில் ஒருவர் நோயுற்றால், "யார் செய்த பாவமோ!" என்று பெரியோர் கலங்குவதை நாம் கேட்டிருக்கின்றோம். நோயின் மூலம் அறியாத காலத்தில் அக்கலக்கமே விளக்கமாகவும் நின்றது. பிளேக் நோயின் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, பண்டைய எபிரெயர் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

தெய்வம் சினந்தால் கொள்ளைநோய் வரும் என்னும் எண்ணம் எபிரெயர்க்கு மட்டும் உரியதன்று. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹிட்டைட் வேந்தன் இரண்டாம் முர்சிலி, தன் நாட்டைப் பல்லாண்டு வாட்டிய நோய்க்குத் தந்தை செய்த பிழையே காரணம் எனத் தெய்வங்களிடம் முறையிட்டான். அவ்வேண்டுதல்கள் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. எபிரெயர் மரபின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. தான் கூறிய விடையைத் தானே மீண்டும் வினவிய மரபு அது.

எகிப்தின் மீது பத்து வாதைகள் வந்தது, அடிமைகளை விடுவிக்க வேந்தன் மறுத்ததால் என்கிறது யாத்திராகமம். உடன்படிக்கைப் பெட்டியைக் கைப்பற்றிய பெலிஸ்தரின் நகர்களிலும் கட்டிகள் எழும்பி மக்கள் மாண்டனர். அப்போது அவர்தம் பூசாரிகள் ஒரு சோதனை வகுத்தனர். நுகம் அறியாத இரு கறவைப் பசுக்களை வண்டியிற் பூட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்து, பெட்டியை ஏற்றி அனுப்பினர். பசுக்கள் பெத்ஷிமேஸ் நோக்கிச் சென்றால் அது தெய்வத்தின் செயல், இன்றேல் தற்செயல். பசுக்கள் அவ்வழியே சென்றன. எனினும், 'தற்செயல்' என்பதற்கும் அக்கதை இடம் வைத்ததை நாம் காண்கின்றோம்.

அடுத்தது தாவீதின் வரலாறு. அவன் எடுத்த மக்கட்கணக்கு குற்றமாயிற்று. மூன்று நாள் கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டனர் என்கிறது சாமுவேலின் இரண்டாம் நூல். பிழை செய்தவன் அரசன், மாண்டவர் மக்கள். இம்முரணைத் தாவீதே உணர்ந்து, "இந்த ஆடுகள் என்ன செய்தன?" என்னும் பொருள்பட இறைவனிடம் மன்றாடுகின்றான். எபூசியனான அர்வனாவின் களத்தருகே வாதை நின்றது. அக்களத்தை விலைகொடுத்து வாங்கி, அங்கே பலிபீடம் எழுப்பினான். பின்னர் சாலொமோன் ஆலயம் கட்டியது அவ்விடத்திலேயே என்கிறது நாளாகமம்.

கணக்கெடுக்கத் தாவீதைத் தூண்டியவர் யார்? ஆண்டவரே என்கிறது சாமுவேல் நூல். பிற்காலத்தில் எழுந்த நாளாகமமோ, சாத்தான் என்கிறது. தூண்டியவரே தண்டிப்பதா என்னும் உறுத்தல் பின்வந்தோர் உள்ளத்தில் எழுந்தது போலும்!

இவ்வினா யோபு நூலில் முழுமை பெறுகின்றது. உச்சி முதல் உள்ளங்கால் வரை புண்ணால் வருந்தியவனை நோக்கி, "நீ பாவம் செய்திருப்பாய்" என நண்பர்கள் வாதிடுகின்றனர். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது யோபுவின் நண்பர்களையே.

2020-இல் கொரோனா பரவியபோது, நோயுற்றோரும் அவர்தம் வீட்டாரும் குற்றவாளிகள் போல் ஒதுக்கப்பட்டதை நாம் கண்டோம். கிருமியை அறிந்த காலத்திலும் யோபுவின் நண்பர்கள் நம்மிடையே இருந்தனர். உற்றாரைப் பிரிந்து வேற்றூரில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். அவர் நோயுற்றால் நாம் கேட்கத்தக்கது, "என்ன பிழை செய்தீர்?" என்பதன்று, "என்ன வேண்டும்?" என்பதே.