கால் சதவீதம் பிறந்த கதை

1965-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் சர்பென்டைன் என்ற கல்லைத் தன் மாநிலப் பாறையாக அறிவித்தது. பச்சை நிறம், தொட்டால் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பு. பல இடங்களில் அதன் விரிசல்களுக்குள் வெள்ளை நரம்பு ஓடும். அந்த நரம்புதான் கிரைசோடைல். நம் ஊரில் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இருக்கும் அதே கல்நார். அப்போது கோலிங்கா பக்கத்து மலைகளில் கல்நார்ச் சுரங்கங்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. அந்தத் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதும் அறிவிப்பின் நோக்கங்களில் ஒன்று.

இருபது ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1986-ல் அதே மாநிலத்தின் காற்று வள வாரியம் கல்நாரை நச்சுக் காற்றுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தொழிற்சாலையிலிருந்து வருவதை என்ன செய்வது என்பதற்கு வழி இருந்தது. மலையில் தானாகக் கிடப்பதை என்ன செய்வது? மாசுச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்கும்: கொட்டியது யார்? இங்கே யாரும் கொட்டவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியே செய்து வைத்தது. அபராதம் போட ஆளில்லை, சுத்தம் செய்யச் சொல்லவும் ஆளில்லை. மலைத்தொடர் முழுவதையும் அள்ளி எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

பாறைக்குள் கிடக்கும் வரை கல்நார் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. உடைந்து, தூசியாகி, மூச்சோடு உள்ளே போனால்தான் ஆபத்து. போன இழை நுரையீரலின் உறையில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோயாக வெளிப்படலாம். கலிஃபோர்னியாவின் விதி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. பாறையை விட்டுவிட்டது, அதைக் கிளறும் கையைப் பிடித்தது.

முதலில் பிடித்தது ஜல்லியை. சியரா மலையடிவாரத்தில் மண் ரோடுகளுக்கும் வீட்டு வாசல் பாதைகளுக்கும் சர்பென்டைன் ஜல்லி கொட்டுவது வழக்கமாக இருந்தது. வண்டி போகப் போக அது பொடியாகும். 1990-ல் வந்த விதி, ஐந்து சதவீதத்துக்கு மேல் கல்நார் உள்ள ஜல்லியை ரோட்டின் மேற்பரப்பில் போடக் கூடாது என்றது. அளப்பது எப்படி என்று சொல்ல 1991-ல் ஒரு சோதனை முறை வந்தது. முறை 435 என்று அதற்குப் பெயர்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் எண் அங்கிருந்துதான் வருகிறது. கல்லை மாவாக அரைக்கிறார்கள். ஒரு சிட்டிகை மாவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணெய்த் துளி விட்டு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தள்ளுகிறார்கள். கண்வில்லையில் ஒரு குறுக்குக் கோடு தெரியும். கோடுகள் வெட்டும் புள்ளியில் எந்தத் துகள் சிக்குகிறது என்று பார்த்து, கல்நாரா, வேறா என்று குறித்துக்கொள்கிறார்கள். தகட்டை நகர்த்தி அடுத்த புள்ளி. ஒரு தகட்டில் 50 புள்ளி, மொத்தம் எட்டுத் தகடு. 400 புள்ளிகளில் ஒன்றே ஒன்று கல்நாராக இருந்தால் 0.25 சதவீதம். பூஜ்யத்துக்கு அடுத்து இந்த முறையால் சொல்லக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான்.

எல் டொராடோ கவுண்டியில் கொதிப்பு 1998-ல் கிளம்பியது. 1848-ல் தங்கம் கண்ணில் பட்ட கொலோமா இருக்கும் கவுண்டி அது. தொண்ணூறுகளில் மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவில் வேலை பார்ப்பவர்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்காக வெட்டும் குன்றுகளில் கல்நார் இருப்பதை ‘சேக்ரமெண்டோ பீ’ நாளிதழ் தொடர்ந்து எழுதியது. 2000 ஜூலையில் வாரியம் ஜல்லி விதியைத் திருத்தியது. ஐந்து சதவீதம் கால் சதவீதமாக இறங்கியது.

இந்த எண் நுரையீரலிலிருந்து வந்ததல்ல, மைக்ரோஸ்கோப்பிலிருந்து வந்தது. இதைவிடக் குறைவாக இருந்தால் பயமில்லை என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மத்திய அரசின் பழைய ஒரு சதவீத வரம்பும் இதே வகைதான். அது உடல்நலத்தை வைத்துப் போட்ட கோடு அல்ல என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2004-ல் தன் அலுவலர்களுக்கு எழுதியது. ஆனாலும் கால் சதவீதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆய்வாளர் கையில் பிடித்து நிற்க ஓர் எண் வேண்டும். கண்ணுக்கு எட்டிய கடைசி எண்ணை எடுத்தது நேர்மையான முடிவு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதைப் ‘பாதுகாப்பு’ என்று விற்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது தோண்டும் வேலை. 2000 ஆகஸ்டில் மாநிலப் புவியியல் துறை சர்பென்டைன் வகைப் பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் வெளியிட்டது. 2001-ல் வாரியம் ஏற்ற புதிய விதி, அந்த வரைபடத்துக்குள் வரும் இடங்களையும், தோண்டும்போது கல்நார் தென்படும் இடங்களையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. மண்ணை நனைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வேலைத்தளத்தில் வண்டி மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. டயரில் ஒட்டிப் போகும் சேறு தார் ரோட்டில் கிடக்கக் கூடாது. ஒரு ஏக்கருக்கு மேல் என்றால் தூசிக் கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கிய பிறகே மண்வெட்டி இறங்க வேண்டும்.

2002-ல் அதே கவுண்டியின் எல் டொராடோ ஹில்ஸ் ஊரில், ஓக் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு மைதானம் போடத் தோண்டியபோது கல்நார் நரம்பு வெளியே வந்தது. 2004-ல் மத்திய முகமை அந்த மண்ணை மூடும் வேலையில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஊரின் பூங்காவில் ஒரு சோதனை நடந்தது. முகமையின் ஆட்கள் உடல் முழுக்கப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் மாட்டிக்கொண்டு, உடலில் காற்றை உறிஞ்சும் கருவியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை ஆடினார்கள். பேஸ்பால் ஆடினார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். சும்மா நின்ற கருவிகளைவிட, ஆடியவர்கள் மூச்சுவிடும் உயரத்தில் இழைகள் அதிகம் இருந்தன. மண்ணை அரைத்து எண்ணுவதைவிட இதுதான் உண்மையான அளவு என்று நினைக்கிறேன். ஒரு குழந்தை சறுக்கி விழுந்து எழும்போது முகத்தருகே எழும் தூசிக்கு எந்தச் சதவீதமும் கணக்குச் சொல்லாது.

கல், மணல், ஜல்லித் தொழில் சங்கம் இந்தச் சோதனை முடிவை எதிர்த்தது. எண்ணியதில் பலவும் இழை அல்ல, உடைந்த சில்லு என்று அது நியமித்த ஆய்வுக்கூடம் சொன்னது. நீளமான சில்லுக்கும் இழைக்கும் நடுவே கோடு எங்கே என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. இடையில் 2005-ல், டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மாநிலத்தின் மீசோதீலியோமா நோயாளிகளின் முகவரிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். இயற்கைக் கல்நார் கிடக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு 10 கிலோமீட்டர் தள்ளிப்போகும்போதும் நோய்க்கான வாய்ப்பு சுமார் ஆறு சதவீதம் வீதம் குறைந்தது. 2010-ல் மாநிலப் பாறைப் பட்டத்தைப் பறிக்க செனட்டர் குளோரியா ரொமேரோ மசோதா கொண்டுவந்தார். புவியியலாளர்கள் எதிர்த்தார்கள், மசோதா நின்றது. கல்லின் பட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதைப் பொடியாக்கும் லாரியைப் பற்றித்தான் கவலை.

இதே சிக்கல் அடுத்து, கலிஃபோர்னியாவின் விதி செல்லாத பக்கத்து மாநிலமான நெவாடாவில் வந்தது. போல்டர் சிட்டி அருகே புதிய நெடுஞ்சாலை போட ஏற்பாடு நடந்தபோது, 2013-ல் அங்கத்திய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பாலைவன மண்ணில் கல்நார் இருப்பதை எழுதினார்கள். மாதிரி எடுத்துப் பார்த்ததில் சாலை போகும் பாதையிலேயே இருந்தது. மண்ணை நனைத்து, காற்றைக் கண்காணித்து வேலை நடந்து, 2018-ல் சாலை திறந்தது. அங்கே கல்நார் கிடைத்தது சர்பென்டைனில் அல்ல. கிரானைட் வகைப் பாறைகளில். கலிஃபோர்னியா எந்தப் பாறைகளை வைத்து வரைபடம் போட்டதோ, அந்தப் பட்டியலில் கிரானைட் இல்லை.