முதுகெலும்பைக் காக்க வந்த கவசம்

1916-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தின் கடைசி நாட்களில், உலக மகாயுத்தம் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களின் மீதும் ஏறி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரியப் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்குக் கற்பித்துவந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி பனிச்சரிவொன்றில் அகப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60. லிலியன்ஃபெல்டு என்னும் சிற்றூரை அடுத்த மலைகளில், செங்குத்தான இறக்கங்களுக்கும் ஏற்ற சறுக்குமுறை ஒன்றைத் தாமே வகுத்து, 1905-ல் முக்கன்கோகல் மலையில் 85 வாயில்கள் நட்டு, உலகின் முதல் ஸ்லாலம் பந்தயம் என்று இன்று கொண்டாடப்படும் போட்டியை நடத்திக் காட்டிய அம்மனிதரின் தேகத்தில், எலும்பு முறிவுகளும் மூட்டு நழுவல்களுமாக ஏறத்தாழ 80 காயங்கள் ஏற்பட்டன. முதுகெலும்பின் கணுக்களே பல இடங்களில் இடம் பெயர்ந்திருந்தன. அவர் பிழைத்தார். பிழைத்ததோடு, வேதனையைப் பொறுத்துக்கொண்டு, குலைந்த உடலைத் தாமே படிப்படியாகப் பழக்கி எடுத்து, 1940 வரை ஜீவித்திருந்தார். பனிச்சறுக்கின் சரித்திரத்தில் முதுகெலும்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், இவருடைய உடலில்தான் என்பேன்.

ஆயினும் அதற்குப் பின் அறுபது வருஷ காலம் வரையில் சறுக்குவோர் தம் முதுகுக்கென்று ஒரு காப்பைத் தேடியதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் அசிரத்தை அன்று. அந்நாளில் அவர்கள் அஞ்சியது காலைப் பற்றியே. மெல்லிய தோல் காலணியும், விழும்போது கழன்றுகொள்ளாத இரும்புப் பூட்டும், நீண்ட மரக்கட்டையும் சேர்ந்து கணுக்காலையும் முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பையும் முறுக்கி ஒடித்துக்கொண்டிருந்தபோது, முதுகைப் பற்றி நினைக்க யாருக்கு அவகாசம் இருக்கும்? தானே கழன்றுகொள்ளும் பூட்டும், 1960-களில் வந்த பிளாஸ்டிக் காலணியும் கால்களுக்கு அபயம் அளித்தன. அதே சாதனங்கள் வேகத்தையும் தைரியத்தையும் பெருக்கின.

அந்தத் தைரியம் இரண்டு திசைகளில் சென்றது. ஒன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட தடத்தை விட்டு விலகி, மனிதன் சமன் செய்யாத மலையை நாடிச் சென்றது. 1967-ல் சமோனி மலைத்தொடரிலே ஸ்பென்சர் கூலுவார் என்னும் செங்குத்தான பனிப் பிளவில் ஸில்வேன் ஸோடான் சறுக்கி இறங்கியபோது, தடம் விட்ட சறுக்கு, அதாவது ஆஃப் பிஸ்ட், ஒரு தனி வித்தையாக உருவெடுத்தது. மற்றொன்று ஆகாயத்தை நோக்கி எழும்பியது. 1952-ல் ஆஸ்லோ ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் தங்கம் வென்ற நார்வேக்காரர் ஸ்டைன் எரிக்ஸன், அமெரிக்காவில் குடியேறி, பார்வையாளர்களின் முன்னே கால்களில் கட்டைகளோடு அந்தரத்தில் கரணம் அடித்துக் காட்டினார். அவருடைய உடற்கட்டும் பயிற்சியும் இல்லாத இளைஞர்களும் அதைக் கண்டு தாமும் செய்யத் துணிந்தார்கள். 1970-களில் அமெரிக்க மலைகளில் இத்தகைய கரணங்களைக் கொண்ட ஃப்ரீஸ்டைல் போட்டிகள் காட்டுத்தீயைப் போலப் பரவின. கூடவே கழுத்தும் முதுகும் முறிந்து அங்கங்கள் செயலிழந்தவர்களும் தோன்றினார்கள். வழக்குகளும் காப்புறுதிச் சங்கடங்களும் எழவே, தலைகீழ்க் கரணங்களுக்குப் பல இடங்களில் தடை விதித்தார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1979-ல் ஃப்ரீஸ்டைலை அங்கீகரித்தபோது, தாவுமேடைகளுக்கும் கரணங்களுக்கும் விதிகள் வகுத்தே அதை ஏற்றுக்கொண்டது. பனியில் தாவுவதற்கு முன் நீர்த்தடாகத்தில் தாவிப் பழக வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றதும் இக்காலத்தில்தான். முதுகைக் காப்பதற்கு அன்று கண்ட உபாயங்கள் விதியும் பயிற்சியுமே; அணியும் கவசம் இன்னும் வரவில்லை.

அது வந்தது பனியிலிருந்து அன்று, தார்ச்சாலையிலிருந்து. 1975-ல் அமெரிக்காவின் டேடோனா பந்தய வளையத்தில் ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் வீரர் பாரி ஷீன், மணிக்கு 280 கிலோமீட்டர் அளவான வேகத்தில் பின்சக்கர டயர் சிதைந்து விழுந்தார். துடை, கை, காறை எலும்பு, விலா எலும்புகள் என்று முறிந்தவை பல. ஏழு வாரத்தில் அவர் மீண்டும் பந்தயத்தில் இறங்கினார். 1976-லும் 1977-லும் 500 சி.சி. வகுப்பில் உலக வீரரானார். தலைக்கவசங்களின் பழைய முகமறைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, முன்பக்கம் வளையவும் பின்பக்கம் வளையாதிருக்கவும் தம் முதுகுக்கு ஒரு காப்பை அவரே செய்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியில் விசென்ஸாவை அடுத்த மொல்வேனாவில் 1972-ல் தோல் உடைத் தொழில் தொடங்கிய லீனோ டைனேஸே அந்த யோசனையை ஏற்று நடத்தினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கான முதுகுக் கவசம் பிறந்தது.

இங்கே ஒரு விசேஷத்தைச் சொல்லாமல் செல்ல எனக்கு மனமில்லை. அக்கவசத்தை வடிவமைத்த மார்க் ஸாட்லர், ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே இன்ஸ்புருக்கில் பிறந்தவர். அதற்கு முன் அவர் பெயர் பெற்றது பனிச்சறுக்குக் காலணிகளைப் பிளாஸ்டிக்கில் வார்க்கும் வேலையில். காலைக் காத்த கையே முதுகைக் காக்கவும் வந்தது. சிங்கி இறாலின் வால் ஓடுகளை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஒன்றன்மேல் ஒன்று படிந்த கடினமான ஓடுகள் உடல் வளையும்போது விலகிக் கொடுத்து, அடி விழும்போது ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பின்னர் டவுன்ஹில் பந்தயக்காரர்கள் தம் இறுக்கமான உடையினுள்ளே இத்தகைய கவசத்தை அணியலாயினர். அவர்களிடமிருந்து அது பாறைகளிடையே சறுக்குவோரையும், இரும்புக் கம்பிகளும் பனிமேடுகளும் நிறைந்த ஃப்ரீஸ்டைல் மைதானங்களில் விளையாடும் இளைஞர்களையும் அடைந்தது.

சாலையில் பிறந்ததன் அடையாளம் இன்றுவரை அதன்மேல் இருக்கிறது. சறுக்குவோர் வாங்கும் முதுகுக் கவசங்களில் பெரும்பாலானவற்றின் உட்புறத்தில் பொறித்திருக்கும் ஈ.என். 1621-2 என்ற ஐரோப்பியப் பிரமாணம், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்காக 2003-ல் வெளிவந்து 2014-ல் திருத்தப்பட்டது. பரீட்சை எளியது: சாலையோர நடைபாதைக் கல்லின் விளிம்பை மனத்திற்கொண்டு வடித்த 5 கிலோ எடையுள்ள ஓர் இரும்பு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது 50 ஜூல் சக்தியோடு, கவசத்தின்மேல் விழுகிறது, கவசத்தைக் கடந்து அடியிலுள்ள பட்டடைக்குச் செல்லும் விசையை அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல் நிலை; 9 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. ஆகவே நிலையின் எண் பெரிதானால் காப்பும் பெரிது. இரண்டாம் நிலைக் கவசம் கடத்தும் விசை முதல் நிலைக்கு அனுமதித்ததில் பாதியே. கனத்தையும் விலையையும் பொறுக்கக் கூடியவர்கள் இரண்டாம் நிலையையே கொள்வது உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் அந்த 50 ஜூல் என்பது எவ்வளவு? 75 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 1,470 ஜூல், அதாவது பரீட்சையைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. அவ்வளவும் முதுகின் ஒரே இடத்தில் இறங்குவதில்லை என்பது மெய்தான். இருந்தாலும், கவசம் எந்த அடிக்காக அளக்கப்பட்டது என்பதை அறியாமல் அதை அணிவது தகாது. பாறையின் முனை, மரத்தின் அடிப்பகுதி, கம்பியின் விளிம்பு, பின்னால் வருபவருடைய சறுக்குக் கட்டையின் ஓரம் ஆகியவற்றின் நேரடியான தாக்குதலை அது தடுக்கும். உயரத்தாவலிலிருந்து ஆசனம் தரையில் மோத விழுந்து, மேலிருந்து கீழாக நசுங்கி உடையும் முள்ளெலும்பை அதனால் தாங்க முடியாது. பனிச்சறுக்கில் நேரும் முதுகெலும்பு முறிவுகளில் இவ்வகையே மிகுதி. கழுத்தையும் அது காக்காது. ஹாஃப்பைப் என்னும் குழிவாய்க்கால் சறுக்கை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டுமென்று ஓயாது போராடிய கனடிய வீராங்கனை ஸாரா பர்க், 2012 ஜனவரியில் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்து, கழுத்தின் இரத்தக் குழாய் கிழிந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அவர் கேட்ட போட்டி 2014-ல் சோச்சியில் நடந்தது.

இந்தக் குறையை நிரப்பவே காற்றுப்பை தோன்றிற்று. உடலின் அசைவை அளந்து, விழுவது நிச்சயம் என்று கணித்த கணமே மார்பையும் முதுகையும் சுற்றி ஊதிக்கொள்ளும் உடையை டைனேஸே நிறுவனம் டவுன்ஹில் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் வால் கார்டெனா பந்தயத்தில் மத்தியாஸ் மாயர் என்ற வீரர் விழுந்தபோது அது முதன்முறையாகப் போட்டியில் விரிந்தது. அப்படியும் அவருடைய மார்புப் பகுதி முள்ளெலும்புகள் இரண்டு முறிந்தன. எனினும் அவர் குணமடைந்து 2018-லும் 2022-லும் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2024-25 பருவத்திலிருந்து உலகக் கோப்பையின் வேகப் பந்தயங்களில் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஃப்ரீஸ்டைல் வீரருக்கு அது இன்னும் எட்டாத பொருளே. வேண்டுமென்றே தலைகீழாகச் சுழல்பவரையும் தவறித் தலைகீழானவரையும் வேறுபடுத்துவது யந்திரத்துக்கு எளிதன்று.

ஆகவே அணிபவர் முன் இருப்பவை இரண்டு மரபுகள்: ஸாட்லரின் கடினமான ஓடு, பிற்காலத்து மென்மையான திண்டு. பின்னதன் சரித்திரத்தில் ஸ்னோபோர்டில் பிரியமுடைய ரிச்சர்ட் பாமர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளருக்கு இடமுண்டு. மெதுவாகத் தொட்டால் நெகிழ்ந்தும், திடீரெனத் தாக்கினால் இறுகியும் நிற்கும் டீ3ஓ என்ற பொருளை அவர் உருவாக்கினார், 2006 டூரின் ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடியச் சறுக்கு வீரர்களின் உடைகளில் அது இடம்பெற்றது. மென்மையான கவசம் உடலோடு ஒட்டி வளையும், பலமுறை விழுந்தெழும் ஃப்ரீஸ்டைல் பயிற்சிக்கு மிகவும் ஒத்துவரும். கூரிய பாறைகளுள்ள ஆஃப் பிஸ்ட் பிரதேசத்தில் முனையின் குத்தைப் பரப்பிக் கொடுக்கும் கடின ஓட்டுக்கே என் ஓட்டு. மென்மையான திண்டுகளோ குளிரில் விறைக்கும் இயல்புடையவை. ஆதலால் அவற்றை வெளியுடைக்கு உள்ளே, உடற்சூடு படும்படி அணிய வேண்டும். மைனஸ் 10 டிகிரியிலும் பரீட்சித்ததைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தும் அதையடுத்த கழித்தல் குறியும் முத்திரையில் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அளவைப் பற்றி: உடலின் மொத்த உயரம் இதற்கு உதவாது, இடுப்பிலிருந்து தோள் வரையுள்ள நீளமே முத்திரையில் குறிக்கப்படுகிறது. நீளம் மிஞ்சினால் தலையைப் பின்னே சாய்க்கும்போது கவசத்தின் மேல்முனை தலைக்கவசத்தின் பின்விளிம்பில் இடிக்கும். குறைந்தால் அடிமுதுகு திறந்து கிடக்கும். தலைக்கவசத்தோடு அணிந்து, குனிந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தடம் விட்டுச் செல்வோருக்கு வேறொரு கவலையும் உண்டு: பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுவதற்கான மண்வெட்டியும் துழாவுகோலும் அவர்கள் முதுகுப்பையில்தான் இருக்கும், மல்லாந்து விழுந்தால் மண்வெட்டியின் பிடியே முதுகெலும்பைத் தாக்கும். பைக்கும் முதுகுக்கும் இடையே கவசம் இருப்பதும், முன்பக்கம் மார்பில் அணியும் சமிக்ஞைக் கருவியின் வாரோடு கவசத்தின் வார் பின்னிக்கொள்ளாதிருப்பதும் வீட்டை விட்டுப் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை. மேலேறும்போது வியர்வை பொறுக்காமல் கவசத்தைக் கழற்றிப் பையில் வைப்பவர்கள் பலர். இறங்கத் தொடங்கும் இடத்தில் அதை மறவாமல் எடுத்து அணிந்துகொண்டால் அதில் தவறொன்றுமில்லை.